போர்மற் அடிக்க முன்: பழைய கொம்பியூட்டரில் ஏற மறுக்கும் டொட்நெற்றும் விசி பிளஸ் பிளஸ்ஸும்

போன கிழமை சுன்னாகத்திலிருந்து ஒரு கடைக்காரர் தன் கொம்பியூட்டர்ப் பெட்டியை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் அணைத்துப் பிடித்தபடி கொண்டுவந்து இறக்கினார். "தம்பி, மூன்று தரம் போர்மற் அடிச்சாச்சு, இன்னும் அந்தக் கணக்குப் புரோகிராம் ஏறுதில்லை. டொட்நெற் வேணுமாம். டொட்நெற்றைப் போட்டால் அதுவும் ஏறுதில்லை." மூன்று தரம் என்று கேட்டதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அவருக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தவரிடம் இருந்தது விண்டோஸ் 7 இன் ஆகப் பழைய பிரதி, ஒரு அப்டேற் கூட உள்ளே இல்லாதது. அதை எத்தனை தரம் புதிதாகப் போட்டாலும் கொம்பியூட்டர் அதே 2009 ஆம் ஆண்டுக்குத்தான் திரும்பிப் போகும். அன்றைக்கு இல்லாத சாமான் இன்றைக்கும் இருக்காது.

இங்கே யாழ்ப்பாணத்தில் எதற்கெடுத்தாலும் போர்மற் என்கிற பழக்கம் ஏன் வந்தது என்று தெரியும், ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை, காசும் நிச்சயம். ஆனால் டொட்நெற், விசுவல் சி பிளஸ் பிளஸ் (விசி பிளஸ் பிளஸ்) மாதிரி, வேறு புரோகிராம்கள் ஓடுவதற்குத் தேவையான மைக்ரோசொஃப்ட்டின் துணைச் சாமான்கள் ஏறாத இடத்தில் போர்மற் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் இடையில் ஏறியிருந்த நாலைந்து அப்டேற்றையும் அது துடைத்துவிடும். ஆகவே முதலில் கீழே சொல்வதைப் பாருங்கள்.

ஒரு விசயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் எரர் எண்களையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஃபோனில் பருத்தித்துறைக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இப்படித்தான், வேலை நடக்கிறது.

எதையும் திரும்ப இன்ஸ்ரோல் பண்ண முன் மூன்று விசயம் பாருங்கள். முதலாவது திகதி. சிரிக்க வேண்டாம். திரையின் வலப்பக்க மூலையில் ஆண்டு என்ன என்று பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, "தம்பி, எதை டவுன்லோட் பண்ணினாலும் சேர்ட்டிபிக்கற் பிழை எண்டு வருது, இன்ரநெற்றிலைதான் ஏதோ கோளாறு" என்று இரண்டு நாள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் அவருடைய கொம்பியூட்டருக்கு அது 2009 ஜனவரி. மதர்போட்டில் இருக்கும் காசளவு பற்றரி, சிஆர்2032 என்பது, செத்துவிட்டால் கரண்ட் போய்வரும் ஒவ்வொரு முறையும் மணிக்கூடு பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்புச் சேர்ட்டிபிக்கற்றுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. தொடங்காத நாளில் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் செல்லாத சேர்ட்டிபிக்கற்தான். அந்தப் பற்றரியை மணிக்கூட்டுக் கடையிலும் வாங்கலாம், 3 வோல்ட், பழையதைக் கழற்ற ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் போதும். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, எந்த விண்டோஸ் என்பது. விண்டோஸ் பொத்தானோடு ஆர் ஐச் சேர்த்து அமர்த்தி, வின்வேர் என்று தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். விண்டோஸ் 7 என்றால் அதில் 7601 என்று இருக்க வேண்டும். 7600 என்று இருந்தால் சேர்விஸ் பக் 1 ஏறவில்லை, மிச்சம் எதுவும் ஏறாது, அவ்வளவுதான். 32 பிற்றா 64 பிற்றா என்பதையும் கொன்ரோல் பனலில் சிஸ்ரம் என்ற இடத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். மூன்றாவது, சி டிரைவில் இடம். ஐந்து ஜிபியாவது காலியாக இல்லாவிட்டால் முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள்.

இனி எரர் பெட்டி. "ஏதோ எரர் வருது" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை, ஃபோனை எடுத்து ஒரு படம் பிடியுங்கள். அதில் உள்ள எண்ணை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 0எக்ஸ்80070643 என்று அடிக்கடி வரும், பார்த்தால் பயமாக இருக்கும். 8007 என்று தொடங்கினால், கடைசி நாலு இலக்கம்தான் உண்மையான எண், ஆனால் அது பதினாறின் அடியில் எழுதியது. 643 என்பது 6 தரம் 256, 4 தரம் 16, ஒரு 3. கூட்டினால் 1603. விண்டோஸ் இன்ஸ்ரோலர் அந்தக் காலத்திலிருந்தே "நடுவிலே எங்கோ தடக்கிவிட்டது" என்பதற்கு வைத்திருக்கும் எண் இதுதான். கணக்குப் போடப் பஞ்சியாக இருந்தால் விண்டோஸ் கல்குலேற்றரில் புரோகிராமர் என்பதைத் தெரிவு செய்து, ஹெக்ஸில் தட்டி டெசிமலில் பாருங்கள்.

இதே முறையில் கடைசியில் 0005 வந்தால் அனுமதி இல்லை, ஃபைலில் வலது கிளிக் பண்ணி அட்மினிஸ்ரேற்றராக ஓடவிடுங்கள், வைரஸ் கார்ட்டையும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். 0070 வந்தால் 112, டிஸ்க் நிரம்பிவிட்டது. 0652 என்றால் 1618, வேறொரு இன்ஸ்ரோல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, ரீஸ்ராட் பண்ணுங்கள். விண்டோஸ் 10 இல் ஷட்டவுன் பண்ணிப் போடுவது ரீஸ்ராட் ஆகாது, ஃபாஸ்ட் ஸ்ராட்டப் என்ற ஒன்று பாதி நினைவைச் சேமித்து வைத்துவிடும், ரீஸ்ராட் என்பதையேதான் அமர்த்த வேண்டும். 0666 வந்தால் 1638. அது பிழையே இல்லை, நீங்கள் போட வந்ததைவிடப் புதியது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று சொல்கிறது. அதோடு ஒரு நாள் மல்லுக்கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

சரி, சுன்னாகத்துப் பெட்டிக்கு வருவோம். கோர் 2 டூவோ, 2 ஜிபி றாம், விண்டோஸ் 7. இந்த வகைக்கு ஒரு வரிசை இருக்கிறது, வரிசை மாறினால் ஏறாது. முதலில் சேர்விஸ் பக் 1. அடுத்து கேபி4490628 என்ற அப்டேற், அது அப்டேற்றுகளை ஏற்றும் பகுதியையே புதுப்பிப்பது. அடுத்து கேபி4474419. இதுதான் முக்கியமானது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் ஃபைல்களுக்கு வைக்கும் கையெழுத்து முறையை ஷா-1 இலிருந்து ஷா-2 க்கு மாற்றியது. இந்த அப்டேற் இல்லாத விண்டோஸ் 7 க்குப் புதிய கையெழுத்து விளங்காது, நல்ல ஃபைலையும் கள்ள ஃபைல் என்று திருப்பி அனுப்பும். இரண்டும் ஏறியபின் ஒரு ரீஸ்ராட். இவற்றை மைக்ரோசொஃப்ட் அப்டேற் கற்றலொக் என்ற தளத்தில் அந்த கேபி எண்ணைக் கொடுத்துத் தேடி எடுக்கலாம், ஆனால் பழைய பெட்டியின் பிரவுசரில் அந்தத் தளமே திறக்காமல் போகலாம், ஆகவே வேறொரு கொம்பியூட்டரிலோ ஃபோனிலோ இறக்கிப் பென்ரைவில் கொண்டுவாருங்கள். 32 க்கும் 64 க்கும் ஃபைல் வேறு, முதலில் குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

இவ்வளவும் செய்தும் டொட்நெற் 4.8 ஏறாமல், சேர்ட்டிபிக்கற் சங்கிலியைச் சரிபார்க்க முடியவில்லை, அடியில் இருக்கும் ரூட் சேர்ட்டிபிக்கற் நம்பத்தக்கதல்ல என்ற கருத்தில் ஒரு நீட்டு வசனம் வந்தது. இன்ரநெற் பக்கமே போகாத பெட்டிகளில் இது வழமை. மைக்ரோசொஃப்ட் ரூட் சேர்ட்டிபிக்கற் ஒதோரிட்டி 2011 என்ற சின்ன ஃபைலை மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்தே எடுத்து, இரட்டைக் கிளிக் பண்ணி, இன்ஸ்ரோல் என்பதை அமர்த்தி, எங்கே வைப்பது என்று கேட்கும்போது தானாகத் தெரிவு செய்ய விடாமல் ட்றஸ்ட்டட் ரூட் என்ற பெட்டியை நீங்களே தெரிந்து கொடுக்க வேண்டும். தானாக விட்டால் வேறெங்கோ கொண்டுபோய் வைக்கும், பிறகு திரும்பவும் அதே எரர்.

டவுன்லோட் பற்றியும் ஒரு சொல். டொட்நெற்றில் வெப் இன்ஸ்ரோலர் என்று ஒன்றரை எம்பி அளவில் ஒன்றும், ஒஃப்லைன் இன்ஸ்ரோலர் என்று நூறு எம்பிக்குச் சற்று மேலே இன்னொன்றும் இருக்கும். டேற்றா மிச்சம் என்று எல்லோரும் சின்னதை எடுப்பார்கள். அது ஓடும்போது மிச்சத்தை இன்ரநெற்றில் இழுக்கும், பழைய விண்டோஸில் அந்த இழுவை இடையில் அறும், திரும்பத் தொடங்கும், கடைசியில் டேற்றாவும் போய் நேரமும் போகும். எப்போதும் ஒஃப்லைன்.

விண்டோஸ் 10 இல் கதை வேறு. அங்கே 4.8 பெரும்பாலும் கூடவே வந்திருக்கும், தொல்லை தருவது 3.5. "4.8 இருக்குத்தானே, அது பெரிசுதானே, ஏன் 3.5 கேக்குது" என்று எல்லோரும் கேட்கும் கேள்வி. 4 இல் தொடங்குபவற்றில் புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் 3.5 தனிக் குடும்பம், அதற்குள்தான் 2.0 உம் 3.0 உம் இருக்கின்றன. பழைய கணக்குப் புரோகிராம், ரியூசன் சென்ரரின் வரவுப் பதிவு எல்லாம் அந்தக் குடும்பத்தை நம்பி எழுதியவை. விண்டோஸ் 10 அதைக் கேட்டால்தான் கொண்டுவரும், கொண்டுவருவது விண்டோஸ் அப்டேற் வழியாக. அப்டேற்றை யாராவது நிறுத்தி வைத்திருந்தால், நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள், 0எக்ஸ்800எஃப்0906 அல்லது 0எக்ஸ்800எஃப்081எஃப் என்று வரும்.

இதற்கு இன்ரநெற்றே தேவையில்லை. விண்டோஸ் போட்ட பென்ரைவ் இருக்கிறதுதானே, அதற்குள் சோர்சஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் எஸ்எக்ஸ்எஸ் என்று இன்னொன்று, சாமான் அங்கேதான் இருக்கிறது. பென்ரைவைச் செருகி அது எந்த எழுத்தில் வருகிறது என்று பாருங்கள், டி என்று வைத்துக்கொள்வோம். கறுப்புத் திரையை, அதாவது கொமாண்ட் புரொம்ட்டை, அட்மினிஸ்ரேற்றராகத் திறந்து இதை ஒரே வரியில் தட்டுங்கள்:

டிஐஎஸ்எம் /ஒன்லைன் /எனேபிள்-ஃபீச்சர் /ஃபீச்சர்நேம்:நெற்எஃப்எக்ஸ்3 /ஓல் /லிமிட்அக்செஸ் /சோர்ஸ்:டி:\சோர்சஸ்\எஸ்எக்ஸ்எஸ்

ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் இடைவெளி, பின்னால் இடைவெளி இல்லை. பெயரில் நெற் என்பது மூன்று எழுத்து, என் ஈ ரி, பிறகு எஃப், எக்ஸ், 3. லிமிட்அக்செஸ் என்பது "இன்ரநெற்றில் தேடாதே, நான் காட்டும் இடத்தில் மட்டும் எடு" என்பது. பழைய ஹாட் டிஸ்க்கில் இடையிலே ஓர் இடத்தில் நின்றுவிட்டது மாதிரி இருக்கும், நிற்கவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். ஒரேயொரு நிபந்தனை, பென்ரைவில் இருக்கும் பதிப்பும் பெட்டியில் ஓடும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், 1909 இன் ஃபைலை 22எச்2 க்குக் கொடுத்தால் திரும்பவும் 081எஃப்தான்.

விசி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ரிபியூட்டபிளில் பிழை எப்படி வரும் என்றால், "இந்த ஃபைலைக் காணவில்லை" என்று ஒரு டிஎல்எல் இன், அதாவது புரோகிராம்கள் பொதுவாகப் பாவிக்கும் துணை ஃபைலின், பெயரைச் சொல்லும். பெயரில் இருக்கும் எண்ணே பதில். எம்எஸ்விசிஆர்90 என்றால் 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. விசிரன்ரைம்140 அல்லது எம்எஸ்விசிபி140 என்றால் 2015 க்குப் பிந்தியது, 2015, 2017, 2019, 2022 எல்லாவற்றுக்கும் ஒரே இன்ஸ்ரோலர். ஆனால் 2013 ஐக் கேட்பதற்கு 2022 ஐப் போட்டால் சரிவராது, ஒவ்வொன்றும் தனித்தனி. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்ரி என்று தொடங்கும் நீட்டுப் பெயர் வந்தால் அது விண்டோஸ் 7 இல் கேபி2999226 இல்லை என்பதன் அடையாளம். அதே குறையால்தான் 2015 இன் இன்ஸ்ரோலர் 0எக்ஸ்80240017 என்று சொல்லிப் படுத்துவிடுவதும்.

அப்புறம், 64 பிற்றுப் பெட்டி என்றால் எக்ஸ்64 மட்டும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, புரோகிராமை. பழைய புரோகிராம் பெரும்பாலும் 32, அதற்கு எக்ஸ்86 வேண்டும். இரண்டையும் போட்டுவிடுங்கள், சண்டை பிடிக்காது.

செய்யவே கூடாத ஒன்று, காணாமல் போன அந்த ஒற்றை டிஎல்எல் ஐக் கூகிளில் தேடி, எங்கேயோ ஒரு தளத்தில் எடுத்து, சிஸ்ரம்32 இல் போடுவது. வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். 64 பிற்று விண்டோஸில் சிஸ்ரம்32 என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிற்று ஃபைல், 32 பிற்று ஃபைல் இருப்பது சிஸ்வௌ64 என்ற ஃபோல்டரில். பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ. மாறிப் போட்டால் அடுத்த எரர் 0எக்ஸ்சி000007பி, அதன்பிறகு எது சரி எது பிழை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இனிச் சொல்வது தமிழில் பெயர் அடிப்பவர்களுக்கு வரும் வருத்தம். மானிப்பாயில் ஒரு வீட்டில், எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பழைய செற்றப் ஃபைல் திறந்த உடனே மூடிக்கொண்டது. மூட முன் ஒரு கணம் ஒரு வழித்தடம் தெரிந்தது, சி:\யூசர்ஸ்\ என்று தொடங்கி நடுவில் ஐந்தாறு கேள்விக்குறி. அந்த இடத்தில் இருக்க வேண்டியது வீட்டுக்காரரின் மகளின் பெயர், விண்டோஸ் போடும்போது ஆசையாகத் தமிழில் அடித்திருக்கிறார்கள். யூனிகோட் தெரியாத பழைய இன்ஸ்ரோலர் தன் தற்காலிக ஃபைல்களை யூசர் ஃபோல்டருக்குள்தான் விரிக்கும், தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாமல் கேள்விக்குறியாக்கி, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று செத்துப்போகும். கொன்ரோல் பனலில் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. செய்ய வேண்டியது, சி டிரைவில் ரெம்ப் என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். சிஸ்ரம் புரொப்பட்டீஸில் அட்வான்ஸ்ட் என்ற பக்கத்தில் என்வயர்மென்ற் வேரியபிள்ஸ் என்று இருக்கும், அங்கே மேல்பாதியில் இருக்கும் ரெம்ப், ரிஎம்பி என்ற இரண்டையும் அந்தப் புதிய ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள். ஓகே, திரும்ப ஓடவிடுங்கள். மானிப்பாயில் அது ஒரே தரத்தில் ஏறியது. பிள்ளையின் பெயரும் திரையில் அப்படியே இருந்தது.

இவ்வளவிலும் பிடிபடாவிட்டால் லொக் ஃபைலைத் திறக்க வேண்டும். விண்டோஸ் பொத்தானோடு ஆர், பிறகு %ரெம்ப்% என்று சதவீதக் குறிகளோடு தட்டினால் ஒரு குப்பை ஃபோல்டர் திறக்கும். திகதிப்படி அடுக்கி, ஆகப் புதிய லொக் ஃபைலை நோட்பாட்டில் திறவுங்கள், டிடி என்று பெயர் தொடங்கினால் அது டொட்நெற் அல்லது விசி உடையது. ஆயிரம் வரி இருக்கும், வாசிக்க வேண்டாம். ரிட்டேர்ன் வல்யூ 3 என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். அந்தச் சொல் முதலாவதாக வரும் இடத்துக்கு மேலே இருக்கும் ஐந்து பத்து வரிக்குள்தான் உண்மையான காரணம் கிடக்கும், மேலே பெட்டியில் வந்த 1603 எல்லாம் இதன் விளைவுதான்.

சில வேளை குற்றம் சொஃப்ற்வெயரில் இல்லவே இல்லை. ஒரே செற்றப் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் முறிந்தால் றாமைச் சந்தேகியுங்கள், எப்போதும் ஒரே இடத்தில் முறிந்தால் ஃபைல் பழுது அல்லது டிஸ்க்கில் அந்த இடம் பழுது. குருநகர், பாசையூர் மாதிரிக் கடலோரத்திலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் ஸ்குரூவே துருப்பிடித்திருக்கும், உப்புக்காற்று றாமின் கால்களை விட்டுவைக்குமா. கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தப் பொன்னிறக் கால்களை மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். டிஸ்க் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் நிலைமையைப் பாருங்கள். மஞ்சள் காட்டினால் முதலில் படங்களையும் கணக்கையும் வேறிடத்தில் கொப்பி எடுங்கள், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் அதன்பிறகு. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்காகத் தேய்ப்பது அதை முடித்துவைக்கும் வேலை.

எனக்குக் கையை விரிக்க வைக்கும் ஒரு வகையும் உண்டு. "லைட்" என்று யாரோ வெட்டிக் குறைத்த விண்டோஸ். 2 ஜிபி றாமில் பறக்கும் என்று பென்ரைவ் பென்ரைவாகச் சுற்றுகிறது. அதில் டொட்நெற் ஏறுவதற்குத் தேவையான பகுதிகளையே கழற்றி எறிந்திருப்பார்கள், பழுதான விண்டோஸைத் திருத்தும் கட்டளைகளான எஸ்எஃப்சி ஸ்கேன்நௌவும் டிஐஎஸ்எம்மும் திருத்துவதற்கு மூலச் சாமான் உள்ளே இல்லை. இங்கே மட்டும் நானும் போர்மற் என்றுதான் சொல்வேன், ஆனால் வெட்டாத விண்டோஸால். அடிக்க முன் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ற்றில் தட்டிய கடிதங்கள் இருந்தால் ஃபொன்ற் ஃபைலையும் சேர்த்து எடுத்து வையுங்கள், அது இல்லாமல் திறந்தால் அம்மாவின் அந்தியேட்டி அழைப்பு முழுக்க ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

சுன்னாகத்து அண்ணையின் பெட்டி பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிந்தது, பாதி நேரம் ரீஸ்ராட். கணக்குப் புரோகிராம் திறந்தது. விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டது, இதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம், கடைக் கணக்கோடு நிற்கட்டும் என்று சொன்னேன். போக முன் அவருடைய பென்ரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, சேர்விஸ் பக், 4490628, 4474419, 2999226, ரூட் சேர்ட்டிபிக்கற், டொட்நெற் 4.8 ஒஃப்லைன், விசி எல்லா ஆண்டும் இரண்டு வகையும் என்று கொப்பி பண்ணி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 1, 2, 3 என்று இலக்கம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த தரம் போர்மற் அடிப்பவர் அந்த இலக்கப்படி ஏற்றிக்கொண்டு போகட்டும், மூன்றுக்குப் பிறகு ஒருக்கால் ரீஸ்ராட்.